179 நாள் மருத்துவர்

கேரள அரசுப் பணியில் 179 என்ற எண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகத் தாற்காலிகமாக நியமிக்கப்படுவோர் 180 நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்பது 1958ஆம் ஆண்டின் கேரள மாநில மற்றும் சார்நிலைப் பணி விதிகளில் 9ஆம் விதி விதிக்கும் வரம்பு. அந்த வரம்பைத் தொட்டுவிடாமல் இருக்க ஒரு நாளைக் குறைத்து, 179ஆம் நாள் மாலையில் கைகுலுக்கி அனுப்பிவிடுவது நிர்வாக மரபாகிவிட்டது. எழுத்தருக்கும் ஓட்டுநருக்கும் காவலாளிக்கும் பொருந்துகிற இந்தக் கணக்கு, அரசு சுகாதார நிலையத்தில் நோயாளியின் நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவருக்கும் பொருந்துகிறது என்பதுதான் இங்கே கவலைக்குரிய செய்தி.

கோப்பு 179 நாள் காத்திருக்கும். வேறொரு எழுத்தர் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் காச நோய்க்கும் அத்தகைய பொறுமை கிடையாது.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு விளிம்பில், வடகரப்பதி ஊராட்சியில் இருக்கிறது வேலந்தாவளம். கோவையிலிருந்து வருவோருக்கு அது ஒரு சோதனைச் சாவடி. காய்கறி வியாபாரிகளுக்கு அது ஒரு சந்தை. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் அடர்மழையும் நீர்நிலைகளும் இங்கே இல்லை. மழை மறைவுப் பகுதியான இந்த வறண்ட நிலத்தில் வாழ்வோரில் பெரும்பாலோர் தமிழர்கள். அண்டையிலுள்ள எருத்தியம்பதி, கொழிஞ்சாம்பாறை ஊராட்சிகளிலும் அப்படித்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த சித்தூரும் கேரளத்தில் இணைந்தன. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியும் தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்துக்கு வந்து சேரவில்லை. அந்த வழக்கை மீண்டும் திறப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமன்று. எல்லை எங்கே இருந்தாலும், எல்லையில் வாழ்பவனுக்கு நோய் வரும். அப்போது அவனைப் பார்க்க யார் இருக்கிறார் என்பதே கேள்வி.

தாற்காலிக மருத்துவர் என்றாலே குறை சொல்லும் மனப்போக்கு ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது நியாயமானதல்ல. மருத்துவரும் மனிதர்தான். பெண் மருத்துவர் மகப்பேறு விடுப்பில் போக வேண்டும். இளம் மருத்துவர் முதுநிலைப் படிப்புக்குப் போக வேண்டும். மூத்தவருக்கே அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அந்த நாள்களில் இன்னொருவர் வந்து உட்காரவில்லை என்றால் மருத்துவமனையைப் பூட்ட வேண்டியதுதான். மேலை நாடுகளில் இத்தகைய மருத்துவருக்கு இலத்தீனில் 'லோக்கம் டெனன்ஸ்' என்று பெயர். இடத்தைப் பிடித்துக் கொண்டிருப்பவர் என்று பொருள். உரியவர் திரும்பி வரும் வரை இடம் காப்பவர்! அமெரிக்காவில் இந்த ஏற்பாடு பெரிய அளவில் தொடங்கியதே கிராமங்களுக்காகத்தான். 1970களில் ஊட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு அமைப்பு ஒன்று, மேற்குப் பகுதி மாநிலங்களில் தனியொருவராகத் திண்டாடிக் கொண்டிருந்த கிராமத்து மருத்துவர்களுக்கு மாற்று மருத்துவர்களை அனுப்பும் திட்டத்தை நடத்தியது. இருக்கும் மருத்துவருக்கு ஓய்வு கொடுத்து, அவர் ஊரைவிட்டே போய்விடாமல் தக்கவைப்பது அதன் நோக்கம்.

நம் நாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறானது. இங்கே இடம் காக்க ஒருவர் வருகிறார். ஆனால், அந்த இடத்துக்கு உரியவர் என்று எவரும் இல்லை. அவர் போனதும் இடம் காக்க இன்னொருவர் வருகிறார். காலியிடம் நிரந்தரமாகிறது, அதை மறைக்கும் திரைதான் அடிக்கடி மாற்றப்படுகிறது.

இந்நிலை எப்படி உருவாகிறது? தேர்வாணையத்தின் பட்டியல் தாமதமாகிறது. பட்டியல் வந்து நியமிக்கப்பட்டவரும் சில மாதங்களில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்துப் போய்விடுகிறார். அப்படிப் போகாதவரை மாவட்ட மருத்துவமனைக்கு 'பணி ஏற்பாடு' என்ற பெயரில் அழைத்துக் கொள்கிறார்கள். தமிழகத்தில் இதையே அயற்பணி என்பார்கள். காகிதத்தில் அந்தப் பணியிடம் நிரம்பியிருக்கும். சம்பளப் பட்டியல் சிற்றூரில், மருத்துவர் நகரத்தில். பணியிடம் காலி என்று அறிவிக்கவும் முடியாது, ஆள் இருக்கிறார் என்று சொல்லவும் முடியாது. இந்த இடைவெளியில்தான் 179 நாள் மருத்துவர் நுழைகிறார். எல்லாக் கிராமங்களுக்கும் இது பொதுவென்றாலும், மாநிலத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர்களுக்குக் கூடுதலாகவே பொருந்தும். நடுவில் இருப்பவர்கள் எடுத்துக் கொண்டது போக மீதிதானே ஓரத்துக்கு வரும்.

கேரள அரசின் முயற்சிகளைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 1990களின் நடுப்பகுதியிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கிராம ஊராட்சிகளின் பொறுப்பில் ஒப்படைத்த மாநிலம் அது. 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஆர்த்ரம் இயக்கத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப நல மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டு, மாலை வரை புறநோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதற்குத் தேவைப்படும் கூடுதல் மருத்துவரை ஊராட்சியே தன் நிதியிலிருந்து நியமித்துக் கொள்ளலாம். கூலிவேலை முடித்து மாலை 4 மணிக்கு மேல் வருகிறவனுக்கு மருத்துவர் கிடைப்பது சிறிய செய்தியல்ல. ஆனால் நிதி ஆண்டு முடிகிறபோது, திட்டம் மறு ஒப்புதலுக்குப் போகிறபோது, அந்த மாலை மருத்துவரின் நிலை கேள்விக்குறியாகிவிடுகிறது. வருவாய் மிகுந்த ஊராட்சி சமாளித்துக் கொள்ளும். வானம் பார்த்த பூமியை நம்பியிருக்கும் ஊராட்சிக்கு அது எளிதன்று.

தொடர்ந்து ஒரே மருத்துவரைப் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். நம் பாட்டிமார்கள் 'கைராசி' என்று சொன்னதை இப்போது புள்ளிவிவரக்காரர்கள் வேறு சொற்களில் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியர் டெனிஸ் பெரேரா கிரேயும் அவரது குழுவினரும் 9 நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டனர். அவற்றில் 18 ஆய்வுகள், ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து சிகிச்சை பெறுவோரிடையே இறப்பு விகிதம் குறைவாக இருப்பதைக் காட்டின. நார்வேயில் ஏறத்தாழ 45 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டதும் அதுவே. 15 ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்ப மருத்துவரிடம் இருப்பவர்கள், ஓராண்டு மட்டுமே இருந்தவர்களைவிட மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும் இறப்பதும் 25 முதல் 30 சதவீதம் குறைவு. 15 ஆண்டு எங்கே, 179 நாள் எங்கே?

இதனால் தாற்காலிக மருத்துவர்கள் திறமைக் குறைவானவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் 2009 முதல் 2014 வரை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட சுமார் 18 லட்சம் நேர்வுகளை ஆராய்ந்து, 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. தாற்காலிக மருத்துவர் பார்த்த நோயாளிகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 8.83 சதவீதம், நிரந்தர மருத்துவர் பார்த்தவர்களில் 8.70 சதவீதம். பொருட்படுத்தத்தக்க வேறுபாடே இல்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. தாற்காலிக மருத்துவரை எப்போதாவது மட்டும் அழைக்கும் மருத்துவமனைகளில், அவர்கள் பார்த்த நோயாளிகளின் இறப்பு கூடுதலாக இருந்தது. வந்தவரின் திறமையைவிட, வந்தவரை வரவேற்று, பொறுப்பை ஒப்படைத்து, உடன் நிற்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறதா என்பதே முக்கியம் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் நடந்தது சான்று. இரவு, வார இறுதி நேரங்களுக்கான தாற்காலிகப் பணிக்காக ஜெர்மனியிலிருந்து ஒரு மருத்துவர் விமானத்தில் வந்திறங்கினார். சில மணி நேரமே உறங்கிவிட்டுப் பணியில் நின்றார். சிறுநீரகக் கல் வலியால் துடித்த 70 வயது முதியவருக்கு அவர் போட்ட வலி நிவாரணி ஊசி, போட வேண்டிய அளவைப்போலப் பத்து மடங்கு. அந்த மருந்து அவர் நாட்டில் வழக்கமாகப் பயன்படுத்தப்படுவதில்லை. முதியவர் இறந்தார். 2010இல் பிரிட்டிஷ் மருத்துவக் குழு அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. அவரை நீக்கியதோடு கதை முடிந்துவிடவில்லை. அவருடைய ஆங்கில அறிவையும் மருந்து அறிவையும் சோதிக்காமல் அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் யார் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றமே கேள்வி எழுப்பியது.

மொழி என்றதும் வேலந்தாவளம் நினைவுக்கு வருகிறது. திருச்சூரிலிருந்தோ கோட்டயத்திலிருந்தோ வரும் இளம் மருத்துவருக்குத் தமிழ் ஓரளவு தெரிந்திருக்கும். தமிழ்த் திரைப்படம் பார்க்காத மலையாளி இளைஞர் அரிது. ஆனால் திரைப்படத்தில் எந்தக் கதாநாயகனும் தன் மலச்சிக்கலைப் பற்றிப் பேசுவதில்லை. இரு மொழிகளும் உடன்பிறப்புகளாக இருப்பதே இங்கே ஆபத்தாகிவிடுகிறது. மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். மார்கழிப் பனி தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று ஒரு மூதாட்டி சொன்னால், மருத்துவர் வெப்பமானியைத் தேடுவார். மலையாளத்தில் 'நீர்' என்பது வீக்கத்தையும் குறிக்கும். இரண்டு நாளாக நீர் சரியாகப் போகவில்லை என்று கொங்குத் தமிழில் சொல்லும் முதியவரின் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, வீக்கம் ஒன்றும் இல்லையே என்று புது மருத்துவர் சொன்னால் அதில் அவர் தவறு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு அங்கேயே இருந்தால் இந்த வேறுபாடுகள் அவருக்குத் தானே பழகிவிடும். மொழி பழகும் நேரத்தில் அவரது 179 நாள் முடிந்துவிடுகிறது என்பதுதான் துயரம்.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசுடன் தங்கள் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அதற்கேற்பத் தமிழும் மலையாளமும் அறிந்த கீழ்நிலை எழுத்தர் பணியிடங்களுக்குக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தனியே அறிவிக்கை வெளியிடுகிறது. மனு எழுதுபவனின் மொழி எழுத்தருக்குத் தெரிய வேண்டும் என்று கருதிய அரசு, வலியைச் சொல்பவனின் மொழி மருத்துவருக்குத் தெரிய வேண்டாமா என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ரயில்வேயைப் பாருங்கள். ஒரு நிலைய அதிபர் விடுப்பில் போனால் மாற்று நிலைய அதிபர் வருகிறார். அவர் நாள் கூலிக்கு வந்தவரல்லர். அந்தப் பணிக்கென்றே வைத்திருக்கப்பட்ட நிரந்தர ஊழியர். நிலையத்துக்கு நிலையம் செல்வது அவரது வழக்கமான வேலை. அப்படியிருந்தும், எந்த நிலையத்திலும் பொறுப்பேற்கும் முன்பு அந்நிலையத்துக்கென வகுக்கப்பட்ட பணி விதிகளைப் படித்துப் புரிந்து கொண்டதாகப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே அவர் கை சமிக்ஞையைத் தொடலாம். பாலக்காட்டு ரயில்வே கோட்டத்தின் எந்தச் சிறு நிலையத்திலும் இந்த நடைமுறையைக் காணலாம். ரயிலுக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையை மனித உடலுக்குக் காட்டுவதில்லை. காலையில் நேர்காணல், மறுநாள் நாற்காலி, எதிரே 150 பேர் வரிசை. முன்பு இருந்தவர் யாருக்கு எந்த மருந்தை ஏன் மாற்றினார் என்று சொல்ல அங்கே எவரும் இல்லை. அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் இருந்தால் அது நோயாளியின் பாக்கியம்.

சொல்லப்போனால், ரயில்வேயிலும் மருத்துவர்கள் விஷயத்தில் நிலைமை வேறாகத்தான் இருந்தது. தாற்காலிகமாக நியமிக்கப்பட்ட ரயில்வே மருத்துவ அதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் அதே நிலையில் வைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். டாக்டர் ஏ.கே. ஜெயின் வழக்கில் 1987இல் வந்த தீர்ப்பு, 1984 அக்டோபர் 1ஆம் தேதி வரை நியமிக்கப்பட்டவர்களை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்து நிரந்தரமாக்கும்படி ஆணையிட்டது. 2006 ஏப்ரல் 10ஆம் தேதி உமாதேவி வழக்கில் அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்போ, தாற்காலிகமாக வந்தவர்கள் நிரந்தரப் பணியை உரிமையாகக் கோர முடியாது என்றது. பின்வாசல் நியமனங்களைத் தடுக்கச் சொல்லப்பட்ட அந்தத் தீர்ப்பை, முன்வாசலைத் திறக்காமலே இருப்பதற்கான அனுமதியாக அரசுகள் எடுத்துக் கொண்டன. அத்தீர்ப்பு தொழிலாளர்களுக்கு எதிராகத் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று. ஆண்டுக்கணக்கில் தேவைப்படும் வேலையைத் தாற்காலிகம் என்று பெயரிட்டு நடத்துவது முறையல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தமிழகம் இதில் கேரளத்துக்குப் பாடம் சொல்லும் நிலையில் இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது. விதி 10(அ)(1)இன் கீழ்த் தாற்காலிகமாக நியமித்து, பிறகு சிறப்புத் தேர்வு நடத்தி நிரந்தரமாக்கும் சுற்றுவழியைத் தமிழகம் நெடுங்காலம் கடைப்பிடித்தது. 2012இல் மருத்துவப் பணிகளுக்கென்றே தனித் தேர்வு வாரியம் அமைத்தது நாட்டிலேயே முன்னோடியான நடவடிக்கை. ஆனால் அதே தமிழகத்தில்தான் 2020 டிசம்பரில் 2,000 அம்மா மினி கிளினிக்குகள் என்று அறிவித்து, ஓராண்டுக்கான தாற்காலிக மருத்துவர்களை அவற்றில் அமர்த்தினார்கள். ஆட்சி மாறியது, 2022 ஜனவரியில் அவை மூடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மினி கிளினிக் நல்லதா கெட்டதா என்ற அரசியல் வாதத்தில், அங்கே மாதம் தவறாமல் மாத்திரை வாங்கிய நோயாளியை எந்தக் கட்சியும் பேசவில்லை.

தலைநகர் தில்லியிலும் கதை ஒன்றுதான். 2015 ஜூலையில் பீராகடியில் முதல் மொஹல்லா கிளினிக் திறக்கப்பட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. அங்கே அமர்த்தப்பட்ட மருத்துவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது; ஒரு நோயாளிக்கு 30 ரூபாய் என்று தொடங்கிப் பின்னர் அது 40 ரூபாய் ஆனது. தலைக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயித்தால், ஒரு தலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025இல் ஆட்சி மாறியதும் அந்த கிளினிக்குகளின் இடத்தில் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்கள் வரத் தொடங்கின. பெயர்ப் பலகை மாறும்போதெல்லாம் ஒப்பந்த மருத்துவர் தன் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படுகிறார். கட்சி எதுவானாலும், கிளினிக்கின் ஆயுள் ஆட்சியின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது.

பணம் இல்லை என்ற வாதத்தையும் பார்த்துவிடலாம். தாற்காலிக மருத்துவர் மலிவானவர் என்று நினைப்பது பெரும்பாலும் மாயை. பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணி, முகவர் நிறுவனங்கள் வழியாகத் தாற்காலிக ஊழியர்களை அமர்த்துவதற்கு 2014-15இல் மட்டும் 300 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டது. 2015 நவம்பரில் மணிக்கூலிக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. நம் நாட்டில் 2005 ஏப்ரலில் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம், ஒப்பந்த நியமனத்தைக் கிராமம்தோறும் கொண்டு சென்றது. அதனால் பூட்டிக் கிடந்த பல சுகாதார நிலையங்கள் திறந்தன என்பது உண்மை. ஆயினும் 2021-22ஆம் ஆண்டின் மத்திய அரசுப் புள்ளிவிவரப்படி, கிராமப்புறச் சமுதாய சுகாதார மையங்களுக்குத் தேவைப்படும் சிறப்பு மருத்துவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் இல்லை. பல மாநிலங்களில், வேண்டிய ஊதியத்தை மருத்துவரே சொல்லட்டும், அரசு தருகிறது என்ற ஏலமுறை வரை போய்விட்டார்கள். அப்போதும் ஆள் கிடைப்பதில்லை. ஊதியம் மட்டுமே காரணமாக இருந்தால் இந்நேரம் கிடைத்திருக்க வேண்டும்.

கிடைத்தவர்களையாவது மதித்தோமா? 2020இல் கொரோனா பரவியபோது, படிப்பை முடித்த கையோடு சுமார் 900 இளம் மருத்துவர்களை மாதம் 42,000 ரூபாய் ஊதியத்தில் கேரள அரசு தாற்காலிகமாக அமர்த்தியது. நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது நோயாளிகளின் நடுவே நின்றவர்கள் அவர்கள். ஊதியம் தாமதமாயிற்று, பிறகு அதிலும் பிடித்தம் என்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பலநூறு பேர் விலகல் கடிதம் கொடுத்த பிறகே அரசு செவிசாய்த்தது. இத்தகைய அனுபவம் பெற்ற ஒருவரை எல்லைச் சிற்றூருக்கு வா என்று மறுபடியும் அழைத்தால் அவர் ஏன் வர வேண்டும்?

இடுக்கியின் தமிழர்களுக்கு இந்தக் கதையில் இன்னோர் அத்தியாயம் உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தருவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. மூணாற்றிலும் பீர்மேட்டிலும் தேயிலை பறித்தவர்களுக்கு, குறைகள் இருந்தாலும், பெயர் சொல்லி அழைக்கும் ஒரு தோட்ட மருத்துவரோ கம்பவுண்டரோ இருந்தார். 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்து பீர்மேட்டுப் பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது அந்த வசதியும் சேர்ந்து போயிற்று. 2014இல் இடுக்கிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. குறைபாடுகளால் 2016இல் மாணவர் சேர்க்கை நின்று, 2022இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. புதிய கல்லூரிகளின் ஆய்வுக்காகப் பிற கல்லூரிகளின் ஆசிரியர்களைத் தாற்காலிகமாக இடம் மாற்றிக் கணக்குக் காட்டுவதைக் கேரள அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியர் சங்கம் பலமுறை கண்டித்திருக்கிறது. மருத்துவக் கல்லூரிக்கே இடம் காப்போர் தேவைப்படும் மாநிலத்தில், மலைமேல் உள்ள சுகாதார நிலையத்தின் நிலையை ஊகித்துக் கொள்ளலாம்.

வேலந்தாவளத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோவை மாவட்டம். 1966 முதல் மருத்துவக் கல்லூரியோடு இயங்கும் பெரிய அரசு மருத்துவமனையும், தெருவுக்குத் தெரு தனியார் மருத்துவமனைகளும் உள்ள நகரம். ஆகவே, உள்ளூரில் மருத்துவர் மாறிக்கொண்டே இருப்பது ஒரு பெரிய கிளர்ச்சியாக வெடிப்பதில்லை. பேருந்தில் ஏறிப் போய்விடுகிறார்கள். அதிகாரிகளுக்கும் அது வசதியாகப் போயிற்று. ஆனால் இரு மாநிலக் காப்பீட்டுத் திட்டங்களும் தத்தம் குடும்ப அட்டைதாரருக்கே உரியவை. 2021 ஆகஸ்டில் தமிழகம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறது. அந்த ஊழியர் எல்லைக் கோட்டோடு நின்றுவிடுவார். 2020இல் ஊரடங்கின்போது எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு கேட்கப்பட்டபோதுதான், பக்கத்து மாநிலத்து மருத்துவமனையை நம்பி வாழ்வது எத்தகையது என்பது எல்லையோர மக்களுக்கு விளங்கியது.

செய்ய வேண்டியது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாவட்டந்தோறும் ஆண்டுக்கு எத்தனை மருத்துவர்கள் விடுப்பிலும் படிப்பிலும் பயிற்சியிலும் போகிறார்கள் என்பது சுகாதாரத் துறைக்குத் தெரியும். அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்று மருத்துவர்களை நிரந்தரப் பணியிலேயே அமர்த்தி, மாவட்டத் தலைமையிடத்தில் வைத்துக் கொள்ளலாம். ஆண்டு முழுவதும் அவர்களுக்கு வேலை இருக்கும். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஊராட்சிகளுக்கும் அட்டப்பாடிக்கும் ஒருவர் இருவர், தேவிகுளம், பீர்மேட்டுக்கு ஒருவர் இருவர் என்று தமிழ் அறிந்தவர்களை ஒதுக்கலாம்; எழுத்தருக்குச் செய்ததையே இதற்கும் செய்தால் போதும். எல்லைக்கு அப்பால் படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் கேரளத் தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள். அரசுப் பணியில் இருப்போருக்கு முதுநிலைப் படிப்பில் இட ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. எல்லையோரத்தில் ஒரே இடத்தில் மூன்றாண்டு இருந்தவருக்கு அதில் முன்னுரிமை என்று சொல்லிப் பார்க்கட்டும்.

179 நாள் நியமனம் தவிர்க்க முடியாத இடங்களில், பொறுப்பு ஒப்படைப்புக்கென்று இரண்டு நாளாவது ஒதுக்கப்பட வேண்டும். போகிறவரும் வருகிறவரும் ஒன்றாக உட்கார்ந்து, நாள்பட்ட நோயாளிகளின் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த இரண்டு நாளுக்கு இருவருக்கும் ஊதியம் தருவதால் கருவூலம் காலியாகிவிடாது. உள்ளாட்சி அமைப்புகள் வழியாக மருத்துவத்துக்குச் செலவிட 15ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. வடகரப்பதி போன்ற ஊராட்சிகள் தங்கள் ஆண்டுத் திட்டத்தை எழுதும்போது கட்டடத்துக்கும் கருவிக்கும் கேட்பதோடு, மாலை நேர மருத்துவருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்கலாம். மாவட்டத் திட்டக் குழு அதை மறுத்தால், மறுப்புக்கான காரணத்தைத் தமிழிலேயே கேட்டுக் கடிதம் எழுத 1969ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது.